சுவரைச் சுவராலேயே தீட்டியவர்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் கட்டும்போது ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு சுரூபம் உடைந்துபோவது வழக்கம். இடையனின் கையோ, ஒட்டகத்தின் காலோ, ஆட்டுக்குட்டியின் காதோ ஒடிந்துவிடும். ஒடிந்த இடத்தைச் சற்று உற்றுப் பார்த்திருப்பீர்கள். மேலே பூசிய நீலமும் சிவப்பும் ஒரு தாளின் கனத்துக்குக்கூட இருப்பதில்லை. உள்ளே முழுவதும் வெள்ளை மாவு. தொட்டால் விரலில் ஒட்டும். எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடுவதும் இதே மாவினால்தான். ‘பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். பாரிஸ் நகரின் பெயர் இதற்கு எப்படி வந்தது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாரிஸின் வட விளிம்பில் மோன்மார்த் என்றொரு குன்று இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் ஜிப்சம் என்னும் கல் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது. அக்கல்லை வெட்டி, மிதமான சூட்டில் சுட்டால் அதிலுள்ள நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சுவதை அரைத்தால் வெண்மாவு கிடைக்கும். அதில் மறுபடி நீர் சேர்த்ததும் சற்று நேரத்தில் இறுகிக் கல்லாகிவிடும். பல நூற்றாண்டுகளாகப் பாரிஸ் வீடுகளின் சுவர்களுக்கு இந்தச் சாந்தே பூச்சாயிற்று. மாவு ஏற்றிய வண்டிகள் குன்றிலிருந்து இறங்கிய வழியில் தெருவெல்லாம் வெண்புழுதி படிந்தமையால், அடிவாரத்துச் சதுக்கம் ஒன்றுக்கு ‘வெள்ளைச் சதுக்கம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1860இல் அந்தக் குன்றூர் பாரிஸ் நகரோடு இணைக்கப்பட்டது; ஏறக்குறைய அதே காலத்தில் சுரங்கங்களும் மூடப்பட்டன. ஆனால் குன்று உள்ளே குடையப்பட்டுவிட்டது. 1875இல் அதன் உச்சியில் திரு இருதயப் பசிலிக்காவுக்கு அடிக்கல் நாட்டியவர்கள் இதை நன்றாக உணர்ந்தார்கள். முப்பது மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு 83 கிணறுகள் தோண்டி, அவற்றைக் கட்டி நிரப்பிய பிறகே மேலே கல் வைக்க முடிந்தது. இன்று பாரிஸில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும் அந்த வெண்மாடம், கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூண்களின் மேல்தான் நிற்கிறது.

மோன்மார்த் என்ற பெயருக்கு ‘மறைசாட்சிகளின் குன்று’ என்று பொருள் கூறுவது கிறிஸ்தவ மரபு. பாரிஸின் முதல் ஆயரான புனித தெனிஸ் மூன்றாம் நூற்றாண்டில் இங்குத் தலை வெட்டப்பட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. குன்றின் மேலுள்ள புனித பேதுரு ஆலயம் 1147இல் திருத்தந்தை மூன்றாம் எவுஜினால் நேர்ந்தளிக்கப்பட்டது; கிளேர்வோ நகர்ப் புனித பெர்நார்து உடனிருந்தார். அதையொட்டி இருந்த கன்னியர் மடம் பிரெஞ்சுப் புரட்சியில் அழிந்தது. பார்வையும் செவியும் தளர்ந்த அதன் முதிய தலைவி 1794இல் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார்.

நமக்கு இன்னும் நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1534 ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்பு நாள். பாரிஸ் பல்கலைக்கழக மாணவர் எழுவர் அந்தக் குன்றின் சரிவிலிருந்த சிறிய கோவில் ஒன்றுக்குச் சென்றனர். அவர்களுள் குரு ஒருவரே, பீட்டர் ஃபேபர். அவர் திருப்பலி நிறைவேற்ற, மற்றவர்கள் அவர் முன் வார்த்தைப்பாடு கொடுத்தனர். லொயோலா இஞ்ஞாசியார் அவர்களுள் ஒருவர்; பிரான்சிஸ் சவேரியார் மற்றொருவர். எட்டே ஆண்டுகளில், 1542இல், அந்தச் சவேரியார் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை மணலில் நடந்துகொண்டிருந்தார். தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் அவர் பெயரைச் சொல்லி வளர்ந்தவர்களுக்கு மோன்மார்த் முற்றிலும் அயலூர் அன்று.

இத்தனை வெண்மையும் இத்தனை நினைவுகளும் படிந்த அந்தக் குன்றில், 1883 டிசம்பர் 26ஆம் நாள், தகப்பன் யாரென்று தெரியாத குழந்தை ஒன்று பிறந்தது. மோரிஸ் என்று பெயரிட்டார்கள்.

தாய்க்கு அப்போது வயது பதினெட்டு. மரி கிளமந்தீன் வலதோன் என்பது அவருடைய இயற்பெயர். சூசான் வலதோன் என்று பின்னாளில் உலகம் அறிந்தது. அவரும் தகப்பன் பெயர் அறியாத பிள்ளையே. தாயார் மதலேன் துணி தைத்தும் வெளுத்தும் பிழைத்தவர். சூசான் சிறுமியாக இருக்கையில் சர்க்கஸில் வித்தை காட்டினார். விழுந்து அடிபட்டதால் அதை விட வேண்டியதாயிற்று. பிறகு ஓவியர்களுக்கு முன் மாதிரியாக அமர்ந்து கூலி பெற்றார். ரெனுவார், துலூஸ் லோத்ரெக் முதலியோரின் படங்களில் அவர் முகம் இருக்கிறது. அமர்ந்திருந்த நேரத்தில் அவர்கள் கோடு இழுப்பதைக் கண்ணால் கற்று, வீட்டில் தனியே வரைந்தார். அவற்றைப் பார்த்த தெகா என்னும் பெரிய ஓவியர் ஊக்கமளிக்க, 1894இல் தேசிய நுண்கலைச் சங்கத்தின் காட்சியில் அவருடைய கோட்டோவியங்கள் இடம்பெற்றன. வெளுப்புக்காரியின் மகளுக்கு அது எளிதாகக் கிடைத்த இடமன்று.

ஆனால் பிள்ளையை வளர்த்தவர் பாட்டிதான். 1891இல், சிறுவனுக்கு ஏழு வயதாகும்போது, மிகுவேல் உத்ரில்லோ என்ற கத்தலான் கலைஞர் அவனைத் தம் மகனாகச் சட்டப்படி ஏற்றுக் கையொப்பமிட்டார். உண்மையில் தகப்பன் அவர்தானா என்பது இன்றுவரை துலங்காத செய்தி. பெயர் கிடைத்தது, தகப்பன் கிடைக்கவில்லை. பின்னாளில் அந்த மகன் தன் படங்களில் ‘மோரிஸ் உத்ரில்லோ வி.’ என்று ஒப்பமிட்டான். கடைசியில் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து வலதோன் என்னும் தாயின் பெயர். எத்தனையோ படங்களில், மூலையில், அந்த எழுத்து மறவாமல் நிற்கிறது.

குடி அவனைப் பதின்பருவத்திலேயே பிடித்துக்கொண்டது. பாட்டி சூப்பில் திராட்சை மது கலந்து கொடுத்ததுதான் தொடக்கம் என்று சொல்வாருண்டு. அவருடைய சொந்த வட்டாரத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மையே. பள்ளியும் நிலைக்கவில்லை, வங்கி வேலையும் நிலைக்கவில்லை. 1904இல் பாரிஸின் சாந்த் ஆன் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். கையையும் மனத்தையும் ஏதேனும் ஒன்றில் ஈடுபடுத்தினால் குடியிலிருந்து விலகுவான் என்று மருத்துவர் கூற, தாய் தூரிகையை மகன் கையில் கொடுத்தார். விருப்பத்தோடு வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. மருந்து குடிக்கும் பிள்ளைபோலத்தான் வாங்கிக்கொண்டான். குடி நீங்கவில்லை. ஆனால் கை நிற்கவுமில்லை.

இங்கே கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓவியர் கையிலுள்ள பலகையில் வண்ணங்களைக் குழைக்கவும், எஞ்சியதை வழித்தெடுக்கவும் ஒரு மெல்லிய கத்தி உண்டு. பேலட் கத்தி என்பார்கள். வெட்டுவதற்கான கூர்மை அதில் கிடையாது. வளைந்து கொடுக்கும் எஃகுத் தகடு, அவ்வளவே. கழுத்தை மடக்கிச் செய்த ஒரு வகையைப் பார்த்தால் கொத்தனாரின் கரணையைப் பொம்மையளவில் செய்ததுபோல் இருக்கும். நெடுங்காலம் இது எடுபிடிக் கருவியாகவே இருந்தது. திரையில் ஏறித் தூரிகையின் வேலையைச் செய்யும் உரிமை அதற்கு எப்போதாவதுதான் கிடைத்தது. 1665ஐ ஒட்டி ரெம்பிராண்ட் தீட்டிய ‘யூத மணப்பெண்’ படத்தில் ஆடவனின் பொன்னிறக் கைச்சட்டை இத்தகைய கருவியால் அப்பியதுபோல் புடைத்து நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூர்பே என்னும் பிரெஞ்சு ஓவியர் பாறைகளையும் கடலலைகளையும் கத்தியாலேயே தீட்டினார். கொத்தன் வேலை என்று எள்ளியவர்கள் இருந்தார்கள். 1866இல் இளைஞர் செசான் தம் மாமன் ஒருவரை வரிசையாகப் பல படங்களில் கத்தியால் தீட்டினார். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் கண்டுபிடித்த தகரக் குழாய்கள் இதற்குத் துணை செய்தன. குழாயைப் பிதுக்கினால் கெட்டியான வண்ணக் குழம்பு ஆயத்தமாக வந்து விழும். அள்ளிப் பூசுவதற்கு அது ஏற்றது.

தூரிகையின் மயிர் தான் சென்ற வழியில் உழவுசால்போல் கீற்றுகளை விட்டுச்செல்லும். கத்தி அப்படிச் செய்வதில்லை. அது இழைத்த இடம் தட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அது நின்ற இடத்தில் சிறு வரம்பு ஒன்று எழும்பும். அந்த வரம்பே ஒரு சுவரின் முனையாகிவிடும். அலகின் ஓரத்தில் வண்ணம் தொட்டு ஒற்றினால் நேர்கோடு விழும்: ஒரு சன்னல் சட்டம், ஒரு கூரை விளிம்பு. நுனியால் கீறினால் அடியிலுள்ள வண்ணம் வெளிப்படும். ஆனால் கத்தி பொறுமையைக் கேட்கும். ஈரமான பூச்சின் மேல் மறு பூச்சு வைத்தால் இரண்டும் கலந்து சேறாகும். ஒவ்வொரு முறையும் அலகைத் துணியால் துடைக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை அறிந்திருக்க வேண்டும். கன்னத்தின் மென்மையையும் இலையின் அசைவையும் தருவது அதற்குக் கடினம். சுவர், கூரை, படிக்கட்டு, கல்பாவிய தெரு ஆகியவை எல்லாமே தட்டைகள். ஆகவே ஓர் ஊரைத் தீட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது.

உத்ரில்லோவின் தொடக்கப் படங்கள் பாரிஸுக்கு வடக்கே மோன்மாஞி என்ற சிற்றூரில், தாயின் கணவர் கட்டிய வீட்டைச் சுற்றித் தீட்டப்பட்டவை. கூரைகளும் தோட்டங்களும் தடித்த இருண்ட வண்ணங்களில் இருக்கும். பிறகு 1909ஐ ஒட்டி ஒரு மாற்றம் வருகிறது. அந்த ஆண்டு சூசான் தம் கணவரை விட்டு நீங்கி, ஆந்த்ரே உத்தேர் என்ற இளம் ஓவியரோடு வாழத் தொடங்கினார். உத்தேர் மோரிஸின் நண்பர். மோரிஸைவிட வயதில் இளையவர். 1914இல் அவர்கள் திருமணமும் செய்துகொண்டனர். தன் தோழனே தன் சிற்றப்பன் இடத்தில் அமர்வதைக் கண்ட மகனின் மனம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடியும். அவன் அதைப் பற்றிப் படம் எதுவும் தீட்டவில்லை. சுவர்களைத் தீட்டினான். 1909 முதல் 1914 வரையிலான அந்த ஐந்தாறு ஆண்டுகளைக் கலை வரலாற்றாளர் அவனுடைய ‘வெண்காலம்’ என்பர்.

அதன் உத்தி எளியது. ஆனால் அவனுக்கு முன் யாரும் இப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. துத்தநாக வெள்ளை என்ற வண்ணத்தை எடுத்துக்கொண்டான். பழைய ஈய வெள்ளையைப்போல் நஞ்சுடையது அன்று. சற்றுக் குளிர்ந்த வெண்மை உடையது. அதில் பிளாஸ்டர் மாவைக் கலந்தான். சில வேளைகளில் பசையும் மணலும் சேர்த்தான். மாவு எண்ணெயை உறிஞ்சிவிடுவதால் எண்ணெய் வண்ணத்துக்கே உரிய பளபளப்பு மறைந்து, பூச்சு வறண்டு சொரசொரப்பாயிற்று. அந்தச் சாந்தைக் கத்தியால் அள்ளி, அட்டையிலும் திரையிலும் அப்பி இழைத்தான். வீட்டுச் சுவரை உண்மைக் கொத்தன் எப்படிப் பூசினானோ அதே பொருளால், ஏறத்தாழ அதே கை வீச்சால், படத்திலுள்ள சுவரைப் பூசினான். குன்றைக் குடைந்து எடுத்த மாவு வீடுகளின் மேல் ஏறியிருந்தது; இப்போது அதே மாவு வீடுகளின் படத்தின் மேலும் ஏறியது.

வெண்மை என்று சொல்கிறோமே தவிர, அவன் சுவர் எதுவும் வெறும் வெள்ளை அன்று. மழை வழிந்த கறை, அடுப்புப் புகை, அடியில் ஏறிய ஈரத்தின் பச்சை, பூச்சு உதிர்ந்த இடத்தின் பழுப்பு ஆகிய யாவும் அதற்குள் இருக்கின்றன. இவற்றை முன்னதாக நன்கு குழைத்துவிடாமல், அரைகுறையாகக் கலந்து அலகில் எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தால், வெண்மைக்குள் சாம்பலும் மஞ்சளும் நரம்புபோல் ஓடும். நூல்களில் அச்சான நகல்களில் நிறம் தெரியும், கனம் தெரியாது. அந்தக் கனம்தான் இப்படங்களின் பாதி. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வரம்புகளின் நிழல் சுவருக்கு உயிர் தரும் என்பதைக் கண்ணை மூடி எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

1911ஐ ஒட்டித் தீட்டிய ‘கொத்தேன் முட்டுச்சந்து’ என்ற படம் இப்போது பாரிஸில், பொம்பிது மையத்தின் தொகுப்பில் இருக்கிறது. இரு பக்கமும் சுவர்கள் நெருக்க, ஒடுங்கிய சந்தின் முடிவில் படிக்கட்டு ஒன்று மேலே ஏறுகிறது. அவ்வளவுதான் செய்தி. அழகான கட்டடம் ஒன்றுமில்லை. சுற்றுலாப் பயணி திரும்பிப் பார்க்கும் காட்சி எதுவுமில்லை. ஏழைகள் வாழும் சந்து. ஆனால் ஒவ்வொரு சுவரின் முகத்தையும் அவன் விட்டுவிடாமல் கவனித்திருக்கிறான். தாயின் முகத்தைக் குழந்தை கவனிப்பதுபோல என்று எழுதத் தோன்றுகிறது. மிகையாக இருந்தால் வாசகர் பொறுத்தருள்க.

ஆலயங்களை அவன் மீண்டும் மீண்டும் தீட்டினான். நோத்ர் தாம் பேராலயம், மோன்மார்த்தின் புனித பேதுரு ஆலயம், திரு இருதயப் பசிலிக்கா, பெயர் தெரியாத சிற்றூர்க் கோவில்கள். திருமுழுக்குப் பெறாதவன், ஞாயிறு திருப்பலிக்கு உள்ளே செல்லாதவன், வெளியில் நின்று சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். 1912ஐ ஒட்டி, ஏன் மாவட்டத்தில் தோர்சி என்ற ஊரின் ஆலயத்தைத் தீட்டினான். அந்தப் படத்துக்குச் ‘சின்னப் புதுநன்மைக்காரி’ என்று பெயர் நிலைத்திருக்கிறது. அந்தப் பெயரோடு பார்க்கும்போது, கத்தியால் இழைத்த அச்சுவரின் வெண்மை, முதன்முறை நற்கருணை வாங்கப் போகும் சிறுமியின் உடையாகவே கண்ணுக்குத் தெரிகிறது. சற்று அழுக்குப் படிந்த, கிராமத்து வெள்ளை உடை.

இந்தப் படங்கள் எந்த நிலையில் தீட்டப்பட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. தெருவில் படப்பலகையை நிறுத்தினால் சிறுவர்கள் சூழ்ந்து கேலி செய்தார்கள். அதனால் வீட்டுக்குள்ளும் மதுக்கடையின் பின்னறையிலும் இருந்து, அஞ்சலட்டைகளில் அச்சான தெருக் காட்சிகளைப் பார்த்துத் தீட்டத் தொடங்கினான். அளவுகோலும் கவராயமும் வைத்துக் கோடுகளை நேராக்கிக்கொண்டான். ஒரு புட்டி மதுவுக்கு ஒரு படம் என்று கைமாறிய நாள்களும் உண்டு. கடைக்காரர் சிலர் அவனை அறைக்குள் வைத்துப் பூட்டி வேலை வாங்கினார்கள். அதில் அன்பும் இருந்தது, ஆதாயமும் இருந்தது. 1912இல் சனுவா என்ற ஊரிலுள்ள மருத்துவ விடுதிக்கு அனுப்பப்பட்டான். அதற்குப் பிறகும் மருத்துவமனை வாசல்கள் பல முறை திறந்து மூடின.

அஞ்சலட்டையைப் பார்த்துத் தீட்டியது ஒரு குறையா என்று கேட்பார்கள். அஞ்சலட்டை கோணத்தைத் தரும். எது எங்கே இருக்கிறது என்று சொல்லும். கறுப்பு வெள்ளையில் அச்சான அந்தச் சிறு அட்டையில் சுவரின் ஈரம் இருந்திருக்க முடியாது. அதை அவன் நினைவிலிருந்துதான் எடுத்தான். தடவி அறிந்த சுவர்கள் அவை; போதை மிகுந்த இரவுகளில் சாய்ந்தும் விழுந்தும் அறிந்த சுவர்கள். பாரிஸை இனிப் பார்க்கவே முடியாது என்றால் எதை நினைவாக எடுத்துச் செல்வாய் என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, ஒரு துண்டுச் சுவர்ச் சாந்தை என்று அவன் விடை கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, அவனைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் அது ஒன்று நம்பும்படி இருக்கிறது.

1913இல் அவருடைய முதல் தனிக் காட்சி பாரிஸில் நடந்தது. (இனி அவரை ‘அவர்’ என்றே எழுதலாம், உலகமும் அப்போதிருந்துதான் அப்படி அழைக்கத் தொடங்கியது.) முதல் உலகப் போருக்குப் பிறகு விலை ஏறியது. மதுவுக்கு மாற்றிய படங்களை வைத்திருந்தவர்கள் செல்வரானார்கள். 1923இல் லியோன் நகருக்கு அருகில் புனித பெர்நார்து என்ற ஊரின் பழைய கோட்டை மாளிகை ஒன்றை அவர்கள் குடும்பம் வாங்கியது. பிரெஞ்சு அரசு 1920களின் இறுதியில் அவருக்கு உயரிய விருது அளித்தது. இதற்கிடையில் சாந்தும் கத்தியும் கையை விட்டு நழுவின. வெண்மை போய்ப் பளிச்சென்ற நிறங்கள் வந்தன. ஆளற்றிருந்த தெருக்களில், முதுகு காட்டி நடக்கும் அகன்ற இடுப்புடைய சிறு பெண் உருவங்கள் நிரம்பின. அதே சந்துகள், அதே அஞ்சலட்டைகள். வாங்குவோர் கேட்டதையே கை மீண்டும் மீண்டும் செய்தது. ஆயிரக்கணக்கில் படங்கள். போலிகளும் பெருகின. 1930களில் இலண்டன் டேட் காட்சியகத்தின் பட்டியல் அவரைக் குடிகாரர் என்று குறித்ததோடு, இறந்துவிட்டார் என்றும் அச்சிட்டது. உயிரோடிருந்தவர் வழக்குத் தொடுத்தார். காட்சியகம் தன் தவற்றை ஒப்புக்கொண்டது.

1933இல், தம் நாற்பத்தொன்பதாம் வயதில், லியோன் நகரில் அவர் திருமுழுக்குப் பெற்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளியில் நின்று தீட்டிய கதவு வழியாக உள்ளே சென்றார். 1935இல் லூசி வலோர் என்ற கைம்பெண்ணை மணந்தார். அந்த அம்மையார் கண்டிப்பானவர். மதுவில் நீர் கலந்து அளந்து கொடுத்தார், கணக்குகளைத் தாமே பார்த்தார். பாரிஸுக்கு மேற்கே லெ வெசினே என்ற அமைதியான ஊரில் அவர்கள் குடியேறினர். வீட்டில் சிறு செபக்கூடம் ஒன்று இருந்தது. உத்ரில்லோ அங்கே நாள்தோறும் நெடுநேரம் செபித்தார். புனித ஜோன் ஆஃப் ஆர்க்கின் மேல் அவருக்கு அளவற்ற பற்று. அவருடைய சுரூபங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1938 ஏப்ரலில் தாய் இறந்தபோது அடக்கத்துக்குச் செல்லும் நிலையில் மகன் இல்லை என்பர்.

இங்கே நமக்கு ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அதைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. மனம் அமைதி கண்ட இந்த இருபது ஆண்டுகளின் படங்கள், துன்பத்தில் தீட்டியவற்றுக்கு ஈடாகவில்லை. பலர் இதை ஏளனமாக எழுதியிருக்கிறார்கள். செபம் வந்தது, கலை போயிற்று என்பது அவர்கள் கணக்கு. காலக்கணக்கைப் பார்த்தால் இது பிழை. வெண்காலம் முடிந்தது 1914ஐ ஒட்டி. திருமுழுக்கு நடந்ததோ 1933இல். இடைப்பட்ட ஆண்டுகளில் கலையைத் தேய்த்தது செபம் அன்று, குடியும் சந்தையும்தான். ஆனால் எதிர்ப்புறம் நின்று, அருள் வந்ததும் கையும் ஒளிபெற்றது என்று எழுதும் பக்தி நூல் மரபும் உண்மைக்கு அருகில் இல்லை. கை ஒளிபெறவில்லை. அவர் உயிர் பிழைத்தார். இருபது ஆண்டுகள் ஒரு வீட்டில், ஒரு மேசையில் உணவுண்டு, இரவில் தம் படுக்கையில் உறங்கினார். சாந்த் ஆன் மருத்துவமனை வாசலில் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிச் சென்ற தாய்க்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் எதைத் தேர்ந்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்தத் தாயும் ஓர் ஓவியரே என்பது நினைவுக்கு வரும்போது, அந்த உறுதி சற்று ஆட்டம் காண்கிறது.

வெண்காலப் படங்களுக்கும் முதுமை உண்டு. துத்தநாக வெள்ளை நாளடைவில் நொறுங்கும் இயல்புடையது. கனமாக அப்பிய இடங்களில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும், செதில் எழும்பும். உண்மைச் சுவர்களைப் போலவே இந்தச் சுவர்களும் உதிர விழைகின்றன. அருங்காட்சியகங்களில் பழுதுபார்ப்போர் மெல்லிய தூரிகையால் பசை செலுத்தி, எழும்பிய செதில்களை ஒவ்வொன்றாகப் படிய வைக்கிறார்கள். எங்கே நிறுத்துவது என்பதே அவர்களுக்கும் சிக்கல். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால், அது உத்ரில்லோ வேண்டுமென்றே குழைத்த புகைக்கறையாக இருக்கலாம்.

மோன்மார்த்தில் கொர்த்தோ தெரு 12ஆம் எண் வீட்டில் தாயும் மகனும் உத்தேரும் 1912 முதல் சேர்ந்து வாழ்ந்தனர். அது இன்று குன்றின் அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர்களுடைய பட்டறையை 2014இல் பழைய தோற்றத்தில் மீண்டும் அமைத்தார்கள். உயரமான சன்னலுக்கு எதிரே படப்பலகைகள் நிற்கின்றன.

உத்ரில்லோ 1955 நவம்பர் 5ஆம் நாள், பிரான்சின் தென்மேற்கிலுள்ள தாக்ஸ் நகரில் இறந்தார். உடலை மோன்மார்த்துக்குக் கொண்டுவந்து, குன்றின் வட சரிவிலுள்ள புனித வின்சென்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். பத்தாண்டுகளுக்குப் பின் லூசியும் அங்கேயே வைக்கப்பட்டார். தாயின் கல்லறை அங்கில்லை; நகர எல்லைக்கு அப்பால் சேந்த் உவான் தோட்டத்தில் இருக்கிறது. புனித வின்சென்ட் தோட்டத்தின் மதிலுக்கு எதிரே, தெருவைக் கடந்தால், ‘லப்பேன் அழில்’ என்ற பழைய மதுக்கூடம் இன்றும் நிற்கிறது. அதன் சுவரை அவர் எத்தனை முறை தீட்டினார் என்பதற்குக் கணக்கில்லை.